முதலில் வந்தவர்களின் காணி

எங்கள் குடியிருப்பின் வரலாற்றை எழுதியது நான்தான். யாரும் என் கழுத்தைப் பிடித்து எழுதச் சொல்லவில்லை. நானாகவே கேட்டு வாங்கி, புதுக் கொப்பி ஒன்றும் எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய் விசாரித்து, நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவளுக்கு ஓய்வுபெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. அந்தக் கொழுப்பின் பலனை என் பின்வளவுத் தங்கச்சியின் மகள் இன்றைக்கும் அனுபவிக்கிறாள்.

தன்னாமுனைப் பக்கம், பெரிய றோட்டை விட்டுத் தண்டவாளம் தாண்டி உள்ளே இறங்கினால் எங்கள் குடியிருப்பு. அதற்குப் பின்னால் வாவி. எழுத்தில்தான் வாவி; வாயில் எங்களுக்கு அது ஆறு. சுனாமி வந்து கரையோரத்தை வழித்துக்கொண்டு போன பிறகு, ஜேர்மனியில் ஏதோ ஒரு பட்டினத்துச் சனம் உதவி அனுப்பிக் கட்டிய வீடுகள் இவை. வாசலில் அந்தப் பட்டினத்தின் பெயரை அவர்களுடைய எழுத்தில் எழுதிய பலகை ஒன்று நின்றது. ஒருவருக்கும் அதை வாசிக்க நாக்குப் புரளவில்லை. எனக்கும் புரளவில்லை, வெட்கத்தில் அதை நான் வெளியே சொல்லவில்லை. பஸ் கொண்டக்டர் "ஜேர்மன் வீடு இறங்கு" என்று கத்துவார். அதுவே எங்கள் ஊர்ப்பெயர் ஆகிவிட்டது. டவுனில் கடைக்காரனிடம் விலாசம் சொன்னால், "ஓ, தண்டவாளத்துக்கு அங்காலயா" என்பான். அந்த 'அங்கால'வை அவன் சொல்கிற விதத்திலேயே நாங்கள் எப்படிப்பட்ட ஆட்கள் என்று அவன் முடிவு கட்டிவிட்டது தெரியும்.

நாலு குறுக்கு வீதிகள். முதலாம், இரண்டாம் குறுக்குகளில் கடற்கரையார். அதில் கத்தோலிக்கரும் உண்டு, மெதடிஸ்தரும் உண்டு, சைவக்காரரும் உண்டு. பெருங்கடலில் தொழில் செய்தவர்களுக்கு ஆற்றில் வலை வீசுகிறவன் வாளித் தண்ணீரில் விளையாடுகிற பிள்ளை மாதிரி. மூன்றாம் குறுக்கில் படுவான்கரையார், அதாவது சண்டைக்குள் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஓடி வந்த நாங்கள். எங்கள் ஆட்கள் வாயைத் திறந்தால் வட்டை, வயல், மாடு. இப்போது ஒருவருக்கும் வயலும் இல்லை, மாடும் இல்லை; பேச்சு மட்டும் குறையவில்லை. நாலாம் குறுக்கு ஆற்றோரம். அங்கே இருப்பவர்கள் ஆற்றுத் தொழில்காரர். வீடு கட்ட முதலே அந்தக் கரையில் குடிசை போட்டு இருந்தவர்கள். வீட்டுத்திட்டம் வந்தபோது அவர்களுக்கும் வீடு கொடுத்து வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற மூன்று குறுக்காரையும் அவர்கள் விருந்தாளிகளாகத்தான் பார்ப்பார்கள், விருந்து கொடுத்ததை நான் ஒருநாளும் காணவில்லை.

இருபது வருஷம் ஒரே தண்ணீர்க் குழாயில் குடித்தும் எங்களுக்குள் ஒட்டவில்லை. ஒரு குறுக்கில் செத்த வீடு என்றால் மற்றக் குறுக்கில் ரேடியோவைக் குறைப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் குடியிருப்புக்கு என்று ஒரு சவக்காலைகூடக் கிடையாது. செத்தவர்களை அவரவர் பழைய ஊருக்கே லொறியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். சண்டையில் பெயர்ந்தவனும் கடலில் பெயர்ந்தவனும் கடைசியில் திரும்பிப் போகிறது அப்படித்தான். இதை ஊர் என்று சொல்ல எனக்கே சில வேளை வாய் கூசும்.

ஒட்டாததற்கு ஒரு விலக்கு என் பின்வேலி. நான் மூன்றாம் குறுக்கின் கடைசி வரிசை. என் வேலிக்கு அங்கால் நாலாம் குறுக்கு. அங்கேதான் நான் சொல்கிற தங்கச்சி. கூடப்பிறந்தவள் இல்லை, என்னைவிடப் பத்து வயது இளையவள் என்பதால் அப்படிக் கூப்பிடுவேன். வேலியில் ஒரு கிடுகைக் கழற்றி வைத்திருந்தோம். அவள் அந்த வழியால் மீன் நீட்டுவாள், நான் அவள் மகளுடைய பள்ளிக் கொப்பிகளைத் திருத்தி நீட்டுவேன். எனக்குக் கலியாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்தப் பிள்ளை என் முற்றத்தில்தான் எழுத்துப் படித்தது. படித்து, டவுனில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கும் போனது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் வளவு மூலையில் ஒரு குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். வீடில்லாத பெண்ணைக் கேட்டு ஒருவரும் படி ஏறமாட்டார்கள். அந்தப் பிள்ளைக்குக் குருக்கள்மடத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் வேலை. நல்ல பெடியன், தலையைக் குனிந்துகொண்டு பேசுவான். இரண்டு பேரும் போனில் கதைக்கவும் தொடங்கிவிட்டார்கள். தங்கச்சி சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். புருஷனையும் இழுத்துக்கொண்டு வளவு மூலையில் ஓலைக் குடிலுக்குள் குடி போனாள். கலியாணத்துக்கு முதலே போய்விட்டாள்.

"ஏன்கா இந்த அவசரம்? நாள் கூட வைக்கல்லயே" என்று கேட்டேன்.

"புள்ளைக்குப் பழகட்டும் ரீச்சர். தனி வீட்டுக்காரியா இரிக்கிற எப்படியெண்டு தெரியோணும்தானே" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று: வீட்டுக் காணிக்கு உறுதி, அதாவது காணி உரிமைப் பத்திரம். எங்களில் ஒருவரிடமும் உறுதி கிடையாது. வீடு தந்தபோது ஆளுக்கொரு கடதாசி தந்தார்கள். அதில் ஒரு கொடியும் ஒரு கையெழுத்தும் இருந்தன. அதைக் கொண்டுபோய் எந்தக் கந்தோரில் காட்டினாலும் சிரிப்பார்கள். அந்த நேரம் பார்த்துக் காணிக் கந்தோரிலிருந்து ஆள் வந்தது. இந்தக் குடியிருப்புக்கு உறுதி கொடுக்கப் போகிறோம், ஆனால் பழைய வரைபடம் சண்டைக்குள் அழிந்துபோனது, ஆகையால் யார் எப்போது இங்கே வந்தார்கள், அதற்கு முதல் காணி எப்படி இருந்தது என்று ஊர்ச் சங்கம் ஒரு வரலாறு எழுதிக் கையெழுத்து வைத்துத் தரவேண்டும் என்றார்கள்.

வரலாறு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் ஒன்று துள்ளியது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. சில வருஷங்களுக்கு முதல் அந்த ஜேர்மன் பட்டினத்திலிருந்து மூன்று பேர் எங்களைப் பார்க்க வந்தார்கள். அதில் ஒரு மனுஷி என்னைப்போல ஓய்வுபெற்ற ரீச்சர். ஆங்கிலம் கதைப்பார். என் வீட்டில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார். தானும் பட்டினத்துக்குள் இருக்கவில்லை, பட்டினத்துக்கு வெளியே, தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு பகுதியில் இருப்பதாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் பையிலிருந்து மினுமினுப்பான ஒரு சிறு புத்தகத்தை எடுத்தார். அவர்களுடைய பகுதியின் வரலாறு. பக்கம் பக்கமாக விரலை வைத்து எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

அந்தப் பகுதியும் ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு, கிழக்கே இருந்து துரத்தப்பட்டுக் கைவண்டி தள்ளிக்கொண்டு வந்த சனத்துக்காகக் கட்டப்பட்டதாம். பிறகு தொழிற்சாலை வேலைக்குத் துருக்கியிலிருந்து ஆட்கள் வந்தார்களாம். இரண்டு தேவாலயம், ஒரு பள்ளிவாசல், தோட்டக்காரர் சங்கம் என்று படம் படமாக இருந்தது. முதல் பக்கத்தில் நாணல் முளைத்த வெறும் தண்ணீர் ஒன்றின் பழைய படம். "எங்கள் வீடுகள் இருக்கும் இடம் முன்பு சதுப்பு நிலம்" என்று அந்தப் புத்தகம் தொடங்குகிறது என்றார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார். ஒன்றுமில்லாத சேற்றிலிருந்து நாங்கள் எழும்பினோம் என்கிற பெருமை. புத்தகத்தை எனக்கே தந்துவிட்டுப் போனார். எங்களுக்கு மட்டும் என்ன குறைச்சல், நாங்களும் இப்படி ஒன்று எழுதவேண்டும் என்று அன்றைக்கே மனதில் போட்டுக்கொண்டேன்.

ஆகையால் சங்கக் கூட்டத்தில் நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். சங்கத் தலைவர் முதலாம் குறுக்கு ஆள், கடற்கரையார். "ரீச்சர் எழுதினா ஆரும் ஒண்டும் சொல்ல ஏலா" என்று தலையில் கட்டினார். அதோடு விட்டிருந்தால் தப்பியிருப்போம். பின்வரிசையிலிருந்து யாரோ, "அப்ப அதோட காளாஞ்சிப் பிரச்சினையையும் முடிச்சுப்போடுங்க" என்றார்கள்.

காளாஞ்சி என்பது கோயிலில் பூசை முடிந்ததும் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்துத் தருகிற தட்டு. பழைய ஊர்களில் அதைக் குடி வரிசைப்படி கூப்பிட்டுக் கொடுப்பார்கள். குடி என்றால் தாய்வழி. எந்தக் குடிக்கு முதல் தட்டு என்பதற்காக எங்கள் சனம் தலையையும் கொடுக்கும். இங்கே மூன்று திசையிலிருந்து வந்த ஆட்கள், யார் குடி மேல் என்று ஒருக்காலும் முடிவாகவில்லை. வருஷா வருஷம் எங்கள் அம்மன் கோயில் சடங்கில் அடிபிடி. ஒரு வருஷம் தட்டே முற்றத்தில் உருண்டது. இனிக் குடி பார்ப்பதில்லை, இந்த மண்ணுக்கு யார் முதல் வந்தார்களோ அவர்களுக்கு முதல் காளாஞ்சி, ரீச்சருடைய வரலாறு சொல்கிறபடி நடப்போம் என்று கூட்டம் தீர்மானித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நான் கொப்பியோடு போன வீட்டிலெல்லாம் இதே பேச்சு. யாருக்கும் காணி ஞாபகம் இல்லை. எல்லாருக்கும் முதல் தட்டு. கடற்கரையார், "நாங்க வராட்டி ஜேர்மன்காரன் வந்திருப்பானா" என்றார்கள். எங்கள் படுவான்கரையார், சண்டைக்காலத்தில் இங்கே மாடு கட்டினோம் என்றார்கள். நாலாம் குறுக்கார் இரண்டு கூட்டத்தாரையும் ஒரே வார்த்தையில் மடக்கிவிட்டார்கள்.

அந்த வார்த்தையைச் சொன்னது என் தங்கச்சிதான். கக்கூசுக்குக் கிடங்கு வெட்டும்போது அவள் வளவில் ஒரு தடித்த கட்டை அகப்பட்டிருந்தது. அவளுடைய தகப்பன் தோணி கட்டிய முளை. அதைக் கழுவி, வீட்டு வாசலில் நட்டு, திருநீறும் பூசி வைத்திருந்தாள். என் கையைப் பிடித்து அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"எழுதுங்க ரீச்சர். நீங்க நிக்கிற இந்த இடம் இடுப்பளவு தண்ணி. எங்கட அப்பன் இதிலதான் தோணி கட்டினவர். நீங்க எல்லாரும் வாறதுக்கு முதல், இந்த மண்ணே வாறதுக்கு முதல், நாங்க இரிக்கிறம்."

அவள் முகத்தில் அன்று இருந்த பெருமையை நான் பிறகு காணவில்லை. எனக்கும் மயிர் கூச்செறிந்தது. ஜேர்மன் புத்தகத்தின் முதல் பக்கம் கண்முன்னால் வந்தது. அவள் மகள் போனில் படம் எடுத்தாள்: தாய் ஒரு கையைக் கட்டையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிற படம். "எங்கள் நாலாம் குறுக்கு இன்று இருக்கும் இடம் முன்பு ஆறு" என்று தொடங்கி எழுதினேன். தண்ணீருக்குள் நின்ற கண்ணா மரங்களை வெட்டியதையும் லொறி லொறியாகக் கிறவல் மண் கொட்டி நிரப்பியதையும் எழுதினேன். படத்தையும் ஒட்டினேன். சங்கக் கூட்டத்தில் வாசித்தபோது நாலாம் குறுக்கார் எழும்பி நின்றார்கள். நாலு குறுக்கிலிருந்தும் ஆட்கள் கையெழுத்து வைத்தார்கள். தங்கச்சி பெரிய எழுத்தில் வைத்தாள்.

காணிக் கந்தோருக்கு அதைக் கொண்டுபோனபோது அவளும் கூட வந்தாள், நல்ல சீலை உடுத்துக்கொண்டு. அங்கே இருந்த உத்தியோகத்தர் சின்ன வயதுக்காரர், மரியாதையான பிள்ளை. முழுவதையும் பொறுமையாக வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கிறீங்க ரீச்சர். இப்படி ஒருத்தரும் எழுதித் தந்ததில்ல" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. "அப்ப, நாலாம் குறுக்கு முழுக்க ஆத்துக்குள்ளதான் இருந்திருக்கு?"

"ஓம். இடுப்பளவு தண்ணி" என்றேன். தங்கச்சியும் தலையாட்டினாள்.

"கிறவல் போட்டு நிரப்பினதா?"

"ஓம். நான் கண்ணால கண்டனான்."

அவர் சிவப்புப் பேனையால் ஓரத்தில் ஏதோ குறித்தார். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப அது ஆத்து ஒதுக்குக் காணி, அரசாங்கத்துக்கு உரியது. அதுக்கு உறுதி குடுக்கச் சட்டம் இல்ல ரீச்சர். மற்ற மூண்டு குறுக்குக்கும் பிரச்சினை இல்ல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாய் உளறத் தொடங்கியது. கதையை அழகாக்குவதற்காக எழுதியது என்றேன். இடுப்பளவு இல்லை, கணுக்கால் அளவு என்றேன். மாரியில் மட்டும்தான் நின்றது என்றேன். கொப்பியைத் தாருங்கள், திருத்தி எழுதித் தருகிறேன் என்று மேசைக்கு மேலால் கையை நீட்டினேன். முப்பது வருஷம் பிள்ளைகளைப் பொய் சொல்லாதே என்று அடித்தவள் நான். உத்தியோகத்தர் கொப்பியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பதிஞ்சாச்சு ரீச்சர். படமும் இரிக்கி, கையெழுத்தும் இரிக்கி" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கிறவல் கொட்டியவர்களிடம் யாரும் வரலாறு கேட்கவில்லை, வீட்டைக் கட்டிப் பூட்டும் திறப்பும் நீட்டியவர்களிடமும் கேட்கவில்லை. கேட்டது எங்களிடம் மட்டும், நாங்கள் சொல்லிவிட்டோம்.

பஸ்ஸிலிருந்து இறங்கப் போகும்போது தங்கச்சி, "அந்தக் கட்டையைக் கிடங்குக்குள்ளயே விட்டிருக்கலாம்" என்றாள்.

காணி அளக்கச் சேவயர்மார் வந்து முளை அடித்தார்கள். எல்லை சரியாக எங்கள் பின்வேலியில் விழுந்தது, கிடுகு கழற்றிய இடத்தில். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு உறுதி வந்தது. கொடுக்க ஒரு மகள் இல்லாத எனக்கு. அடுத்த கிழமையே கந்தோருக்குப் போய், என் வீட்டை அந்தப் பிள்ளையின் பெயருக்கு எழுத முடியுமா என்று கேட்டேன். இந்த உறுதியை இரத்த உறவுக்குத்தான் மாற்றலாம் என்றார்கள். நான் அவளுக்கு எழுத்துப் படிப்பித்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

குருக்கள்மடத்தார் மரியாதையான சனம். ஒருநாள் நேரே வந்து, இருந்து, சாப்பிட்டு, வீட்டையும் சுற்றிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாய் போகும்போது, "உறுதி வரட்டும், மறுகா பாப்பம்" என்றார். அவ்வளவுதான். பெடியன் சில மாதம் போன் எடுத்தான். பிறகு கிழமைக்கு ஒருதரம். பிறகு இல்லை. போன மாசியில் அவனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்று கேள்வி. பிள்ளை அதைக் கேட்டுவிட்டு வழக்கம்போல வேலைக்குப் போனாள். தங்கச்சியும் புருஷனும் இன்னும் மூலைக் குடிலில்தான் இருக்கிறார்கள். திரும்பி வாருங்கள் என்று மகள் கூப்பிட்டும் போகவில்லை. சுண்ணாம்பு அடித்த வீட்டில் மகள் தனியாக இருக்கிறாள்.

இந்த வைகாசியில் சடங்கு வந்தது. நான் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். சங்கத் தலைவர் ஆள் அனுப்பினார், கொப்பியின் பிரதி என்னிடம்தானே இருக்கிறது. மத்தியானப் பூசை முடிந்தது. சனம் வளைந்து நின்றது, நாலு குறுக்கும். பூசை செய்கிற கப்புகனார் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து என்னைப் பார்த்தார். நான் முதல் வரியை வாசித்தேன். அவர் உரத்துக் கூப்பிட்டார்: "இந்த மண்ணுக்கு முதல் வந்த நாலாம் குறுக்கார், காளாஞ்சி வாங்க வாங்கோ."

ஒருவரும் அசையவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டார். நாலாம் குறுக்கு ஆம்பிளைகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இருபது வருஷம் அடிபட்டுக் கேட்ட தட்டு. மூன்றாம் தரம் கூப்பிட்டபோது பெண்கள் பக்கத்திலிருந்து தங்கச்சி வெளியே வந்தாள். தட்டை வாங்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் கப்புகனாரைத் தாண்டி என் முன்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் மகள் நிற்பது எனக்குத் தெரிந்தது.

"நாங்க முதல் வந்த ஆக்கள் இல்ல ரீச்சர்" என்றாள். சத்தம் போடவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "ஆகக் கடைசியா வந்த ஆக்கள். நாங்க வரக்குள்ள இஞ்ச தண்ணியே இல்ல, நல்ல தரை. அப்பிடி மாத்தி எழுதுங்க. தட்டைக் கடைசியா வாங்குறம்."

கப்புகனாருக்குக் கை கடுத்திருக்கவேண்டும், தட்டை மறு கைக்கு மாற்றினார். நான் பேனையை எடுத்து முதல் வரியை வெட்டினேன், அவள் பார்க்க. கந்தோரில் இருக்கிற கொப்பியில் அது வெட்டுப்படாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் மகள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பிடித்துத்தான் அவள் எழுதப் பழகினாள். நான் அடுத்த வரியை வாசித்தேன்.

அடுத்தது, சண்டைக்காலத்தில் வந்த மூன்றாம் குறுக்கு. எங்கள் ஆள் ஒருவர் போய் முதல் தட்டை வாங்கினார்.